ஜரிகைக்குக் கீழே ஒரு நிழல்

என் கண்ணைப் பற்றி எனக்கு இருந்த கர்வத்துக்கு ஆரணி போதாது, தாலுகாவே போதாது. பட்டுப்புடவைக் கடையில் செக்கர் உத்தியோகம். நெசவாளர்கள் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுவரும் புடவையை விரித்துப் பார்த்து, 'பாஸ்' அல்லது 'ரிட்டர்ன்' என்று சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக என்னைவிட மூத்தவர்களெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி நாலு பேர் நம் முகத்தைப் பார்த்து நிற்பது ஒரு மனிதனை எவ்வளவு கெடுக்கும் என்பது கெட்டுப்போன பிறகுதான் தெரிகிறது.

புடவை பார்ப்பதற்கு எல்லாக் கடைகளிலும் ஒரு முறை உண்டு. முதலில், அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசையில் விரித்து, ஊடை, அதாவது குறுக்கு நூல், எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு புடவையை நீளவாக்கில் மடித்து, இரண்டு பக்கக் கரைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிப்பது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு கரையும் லட்சணமாகத்தான் இருக்கும். சேர்த்துப் பிடித்தால்தான் ஒன்றில் கோடு கொஞ்சம் இறங்கியிருப்பதோ, பூ அரை நூல் தள்ளியிருப்பதோ தெரியும்.

இதற்கு மேல் நான் சொந்தமாக ஒன்றைச் சேர்த்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கரையை மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, வலது கண்ணை மூடி, இடது கண்ணால் மட்டும் கரையின் நீளத்துக்கும் பார்வையை ஓட்டுவேன், தச்சர் பலகையைப் பார்க்கிற மாதிரி. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நானே கண்டுபிடித்த வித்தை. சென்னையிலிருந்து கடைக்காரர்கள் கொள்முதலுக்கு வந்தால், முதலாளி காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "எங்க செக்கரு ஒத்தக் கண்ணுலயே புடிச்சிடுவாருங்க, பாருங்க" என்பார். நான் உடனே வலது கண்ணை மூடுவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். இதையெல்லாம் இப்போது நினைத்தால் எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் சேவூர்ப் புடவைகளில் நிழல் வர ஆரம்பித்தது.

சேவூரில் எங்கள் கடைக்கு நெய்கிறவள் ஒருத்தி, என்னோடு பத்தாவது வரை ஒரே வகுப்பில் படித்தவள். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். வெளியே பார்த்தால் என்னை "டேய்" என்பாள். கடைக்குள் வந்தால் "செக்கர் சார்" என்பாள், அந்த 'சார்' 'டேய்'யைவிட மோசமாக இருக்கும். அவள் தறியில் அப்போது ஓடிய பாவு, கடை கொடுக்கும் நீளவாட்டு நூல், கருநீலம், கிட்டத்தட்டக் கறுப்பு. கரையில் மயிலும் இல்லை, மாங்காயும் இல்லை. மூன்றே மூன்று மெல்லிய ஜரிகைக் கோடுகள். பார்க்க எளிமை, நெய்யக் கஷ்டம். கோடு கொஞ்சம் பிசகினாலும் அந்தக் கருநீலத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் புடவையை நான் தூக்கிப் பிடித்து இடது கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு ஜரிகைக் கோட்டுக்கும் கீழே இன்னொரு கோடு, மங்கலாக, ஈரம் பரவிய மாதிரி. மூன்று கோட்டுக்கு ஆறு கோடு.

"ஜரிகை நெழல் அடிக்குது. ரிட்டர்ன்" என்றேன்.

"நெழலா? அப்டின்னா இன்னாங்க செக்கர் சார்?"

அப்படி ஒரு குறை நெசவில் உண்டா என்று எனக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, கடைசியில் என் மாதிரியே ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ஆமாப்பா, நல்லாவே தெரியுது" என்றார். பில் எழுதுகிறவர் தன் இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "இங்கேர்ந்தே தெரியுதுங்க" என்றார்.

இரண்டாவது புடவையிலும் நிழல். இந்த முறை முதலாளி என்னை முந்திக்கொண்டு, "போன தடவைய விட ஜாஸ்தியா இருக்கே" என்றார்.

எங்கள் கடையில் ஒரு சட்டம். ஒரே பாவில் மூன்று புடவை ரிட்டர்ன் ஆனால், அந்தத் தறிக்கு அடுத்த பாவு கிடையாது. பாவு இல்லையென்றால் தறி சும்மா நிற்கும். அதைவிடப் பெரிய விஷயம், ஏன் நிற்கிறது என்பது சேவூர் முழுக்கத் தெரிந்துவிடும். வேறு எந்தக் கடையும் அவளுக்குப் பாவு கொடுக்க யோசிக்கும். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மூன்றாவது புடவையோடு அவள் வந்த அன்று குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு, சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள்.

நான் கரையைத் தூக்கிப் பிடித்தேன். வலது கண்ணை மூடினேன். நிழல், நல்ல கொழுத்த நிழல்.

"எங்கடா இருக்குது? வெரல வெச்சுக் காட்டு" என்றாள். கடைக்குள் அவள் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. விரலை வைத்துக் காட்டினேன். அவள் என் விரலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ ஏன் எப்பவும் அந்தக் கண்ணையே மூடிகினு பாக்கறே? இந்தக் கண்ண மூடிகினு அந்தக் கண்ணால பாரு."

"எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா பாக்கறதுக்கு இன்னா?"

பார்த்தேன். வலது கண்ணில் மூன்று கோடுகள் இருந்தன. மூன்றே மூன்று, கத்தியால் கீறின மாதிரி. மறுபடி இடது கண். ஆறு. மறுபடி வலது. மூன்று.

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன சொல்லியிருப்பானோ தெரியாது. நான் சொன்னது, "டியூப்லைட் சரியில்ல" என்பது. பில் எழுதுகிறவர் உடனே ஸ்டூல் போட்டு ஏறி டியூப்லைட்டை மாற்றினார். புது வெளிச்சத்திலும் இடது கண்ணுக்கு ஆறு கோடுதான். "நாளைக்குச் சொல்றேன்" என்று புடவையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் பூட்டை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலது கண்ணுக்குச் செய்தி ஓடியது. இடது கண்ணுக்குச் செய்தியும் அதன் அடியில் இன்னொரு செய்தியும் ஓடியது. பதினோரு மாதத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றியிருந்தேன். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் கடைக்காரர், "இந்த ஒரு கண்ணுல மட்டும் பவர் ஏறிக்கினே போவுது சார்" என்றுதான் சொன்னார். வேலைப் பளு என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வருஷக்கணக்காக இரண்டு கரையையும் சேர்த்துப் பிடித்து ஊர்க்காரர்களுக்குத் தீர்ப்பு சொன்னவன், ஒரு நாள்கூடத் தன் இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பயந்துபோனேன். கண் போனால் இந்த ஊரில் நான் யார்?

காலையில் சேவூருக்குப் போய் அவளிடம், வேலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறேன், வந்து உன் விஷயத்தைச் சொல்கிறேன் என்றேன்.

"நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"நீ தனியாப் போனா, எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னு வந்து நிப்பே. உன்ன எனக்குத் தெரியாதா? அஞ்சாவதுல மார்க் ஷீட்ட வாய்க்கால்ல வுட்டவன்தானே நீ?"

கணவரிடம் தறியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரிட்டர்ன் ஆன முதல் புடவையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். புடவை எதற்கு என்று கேட்டேன். "சாட்சி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் எழுத்துப் பலகை. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு கடைசி வரி வரை படித்துவிட்டு, அவளைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். "ஒரு கண்ணை மூடுங்க சார்" என்றார் அங்கிருந்த உதவியாளர் ஒருவர். பெருமை அதோடு சரி.

பிறகு ஒரு மெஷின். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒட்டிக்கொண்டால், உள்ளே வளையம் வளையமாக வெளிச்சம். இமைக்கக் கூடாது. இமைக்கக் கூடாது என்று சொன்னதும் எனக்கு இமைப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. நாலு தடவை எடுத்தார்கள். கருவிழியின் மேல்பரப்பு எங்கே மேடு, எங்கே சமம் என்று அந்த மெஷின் அளந்து வண்ணப் படமாகப் போட்டுக்கொடுக்குமாம். வலது கண்ணுக்கு ஒரு தாள், இடது கண்ணுக்கு ஒரு தாள். டெக்னீஷியன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ரெண்டும் லிமிட்டுக்குள்ளதான் சார் இருக்குது. வேற கண்ணாடி எழுதிக் கொடுப்பாங்க" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. என் கண் கெட்டிருக்க வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பதை மறைக்கக்கூட இல்லை.

டாக்டர் இளவயதுப் பெண். தாள்களைத் தனித்தனியாகப் பார்க்கவில்லை. இரண்டு படங்களையும் கம்ப்யூட்டர் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வலது கண் படம் பச்சையும் மஞ்சளுமாகச் சீராக இருந்தது. இடது கண் படத்தில் கீழ்ப்பக்கம் ஆரஞ்சு நிறம் ஒரு திட்டாக இறங்கியிருந்தது.

"தனியா பாத்தா இந்தக் கண்ணு நார்மல்னு வுட்டுடலாம். சில பேருக்கு ரெண்டு கண்ணுமே இப்படி இருக்கும், ஒண்ணும் ஆகாது. ஆனா ஒருத்தரோட ரெண்டு கண்ணும் பொதுவா ஜோடியா, கண்ணாடில பாக்கற மாதிரி ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகும். உங்களுக்கு இடது கண்ணோட வளைவு ஜாஸ்தி, கனம் கம்மி. ரெண்டுத்துக்கும் இவ்ளோ வித்தியாசம் இருக்கக் கூடாது."

அதுவரை சும்மா இருந்தவள் நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "புடவைக்கும் அப்டித்தாங்க டாக்டரம்மா! தனியா பாத்தா கரை நல்லாத்தான் இருக்கும். ரெண்டையும் சேத்துப் புடிச்சாத்தான் வண்டவாளம் தெரியும்" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டு, "அதேதான்" என்றார். என் கண்ணைப் பற்றி அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு என்னை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள்.

நோய்க்குப் பெயர் கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து, மெள்ள மெள்ளக் கூம்பு மாதிரி முன்னால் தள்ளும். அதனால்தான் ஒரு கோடு இரண்டாகத் தெரிகிறது. மூன்று முறை கண்ணாடி மாற்றியதைச் சொன்னதும், வளர்ந்துகொண்டு இருக்கிறது, நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். கண்ணில் ஒரு வைட்டமின் சொட்டு விட்டு, ஒரு வகை ஒளியைக் காட்டினால் கருவிழி இறுகும். போன பார்வையை அது திருப்பித் தராது, இருப்பதைக் காப்பாற்றும். அப்புறம் அதற்கென்று இருக்கிற கெட்டியான லென்ஸ் போட்டால் கோடு கோடாகவே தெரியும். வலது கண்ணையும் விடாமல் சோதிக்க வேண்டும். அதுவும் பின்னால் வரலாம்.

"கண்ணைக் கசக்குவீங்களா?"

"எப்பவாச்சும்" என்றேன்.

"கசக்கிகினே இருப்பான் டாக்டரம்மா. ஸ்கூல்லேர்ந்தே. கணக்கு பரிச்ச வந்தா ரெண்டு கையாலயும் கசக்குவான்."

"இனிமே கையே படக்கூடாது" என்றார் டாக்டர். அவள் என்னைப் பார்த்து விரலை ஆட்டினாள்.

வேலை முடிந்தது என்று நான் எழுந்தேன். அவள் எழவில்லை. பையிலிருந்து புடவையை எடுத்து டாக்டர் மேசையில் விரித்தாள். "இதுல நெழலு இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க." டாக்டர் புடவையைப் பார்த்து, கோட்டைத் தடவி, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். புடவைக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது, ஆனால் இவருக்கு இடது கண்ணில் கோடுகள் இரட்டையாகத் தெரிகின்றன என்று எழுதலாம் என்றார். "அது போதும்" என்று அவள் தாளை வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். என் கண்ணின் வண்ணப் படத்தையும் கேட்டாள். அந்த ஆரஞ்சும் பச்சையும் முந்திக்கு நன்றாக இருக்குமாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளிடம் கெஞ்சினேன். யாரிடமும் சொல்லாதே, மூன்றாவது புடவையை நான் பாஸ் செய்துவிடுகிறேன், இனிமேல் வருவதையும் பாஸ் செய்கிறேன் என்றேன். வேலை போய்விடும் என்ற பயம் அப்படிப் பேச வைத்தது. செக்கருக்குக் கண்ணில் கோளாறு என்று வெளியே தெரிந்தால் வேறு எந்தக் கடையில் சேர்ப்பார்கள்?

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "நீ பாஸ் பண்ணா, பாவம் பாத்து வுட்டான்னுதான் ஊரு சொல்லும். எனக்கு உன் பாவம் வேணாம். புடவ நல்லாத்தான் இருந்துச்சுன்னு உன் வாயால சொல்லு."

"சொன்னா எனக்கு வேலை போயிடும்."

"சொல்லலன்னா எனக்குப் போயிடும். யாரு கண்ணு கோணலு?"

ஆரணி வரும் வரை கண் அரித்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கடையில், முதலாளி, பில் எழுதுகிறவர், புடவை கொண்டுவந்த நாலைந்து நெசவாளர்கள், அவள், எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். புடவையில் நிழல் இல்லை, என் கண்ணில்தான் என்றேன். டாக்டர் தாளை அவள் நீட்டினாள். முதலாளி அதைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் படித்தார்.

"எனக்கு அப்பவே டவுட்டுதான்பா" என்றார்.

"போன தடவைய விட ஜாஸ்தின்னீங்களே?" என்றாள் அவள்.

"நீ சும்மா இரும்மா. பேஜார் பண்ணாத."

மூன்று புடவைகளையும் எல்லோரும் சேர்ந்து விரித்துப் பார்த்தார்கள். மடித்துக் கரைகளைச் சேர்த்துப் பிடித்தார்கள். நூல் பிசகவில்லை. பில் எழுதுகிறவர் மட்டும், தனக்கு இன்னும் லேசாக நிழல் தெரிவதாகச் சொன்னார். ஒரு தடவை தெரிந்ததை எப்படித் திடீரென்று தெரியவில்லை என்று சொல்வது என்ற கஷ்டம் அவருக்கு. அவரையும் வேலூருக்கு அழைத்துப் போகலாமா என்று அவள் கேட்டதும்தான் நிழல் மறைந்தது.

அவள் பெயரில் இருந்த இரண்டு ரிட்டர்னையும் முதலாளி தன் கையாலேயே ரிட்டர்ன் நோட்டில் அடித்துவிட்டார். புதுப் பாவும் கொடுத்தார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கண் சரியாகும் வரை பட்டு நூல் கட்டுகளைப் பிரித்து அடுக்கச் சொன்னார். என் மேசையில் அவரே நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு புடவை பார்த்தார். அந்த மாதங்களில் பாஸ் ஆகாத புடவையே ஆரணியில் கிடையாது.

சிகிச்சை முடிந்து மூன்று நாள் கண்ணுக்குள் மிளகாய்த்தூள் கொட்டின மாதிரி எரிந்தது. பிறகு சோதனை, மறுபடி சோதனை. ஒவ்வொரு முறையும் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆரஞ்சுத் திட்டு நின்ற இடத்திலேயே நின்றது. கடைசியில் லென்ஸ் வந்தது. முதல் வாரம் அதைப் போட்டுக்கொண்டு கண்ணீர் வடிய நான் தெருவில் போனால், வீட்டில் ஏதாவது துக்கமா என்று விசாரித்தார்கள்.

மறுபடி மேசைக்கு முன்னால் நின்ற நாளில் மூன்றாவதாக வந்தவள் அவள்தான். அதற்கடுத்து ஏற்றிய பாவின் முதல் புடவை, அரக்கு நிறம். கண்ணாடி மேசையில் விரித்தேன். இந்த முறை இரண்டு கண்ணும் திறந்திருந்தன. கரைகளைச் சேர்த்துப் பிடித்தேன். அச்சு அசலாக இருந்தன. முந்திக்கு ஒரு சாண் முன்னால் வந்தபோது, அடியிலிருந்து ஒரு மெல்லிய கீற்றாக வெளிச்சம் வந்தது. ஊடை ஒன்று விட்டுப்போயிருந்தது.

இடது கண்ணை மூடிப் பார்த்தேன். இருந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். இருந்தது.

'பாஸ்' என்ற சொல் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. இவள் இல்லையென்றால் என் கண் என்ன ஆகியிருக்கும்? யார் பார்க்கப்போகிறார்கள், மடிப்பில் மறைந்துவிடும். அதோடு, என் மேல் தப்பை வைத்துக்கொண்டு இவள் பெயரைக் கெடுக்கப் பார்த்தவன் நான். இப்போது போய் எந்த முகத்தோடு சொல்வது? அவள் தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஊடை ஒண்ணு வுட்டுப்போயிருக்குது" என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தெரியும்" என்றாள். "நேத்தே பாத்துட்டேன்."

"தெரிஞ்சிகினே ஏன் கொண்டாந்தே?"

"இத்த நீ பாஸ் பண்ணிருந்தா, அந்த மூணையும் நீ பாவம் பாத்துத்தான் வுட்டேன்னு எனக்கே தோணிருக்கும்." ரிட்டர்ன் நோட்டை என் பக்கம் தள்ளினாள். "எழுது. என் பேர்ல இதான் மொத ரிட்டர்னு. தேதி போட்டு ஒழுங்கா எழுது."

எழுதினேன். எழுதி முடிக்கும் வரை அவள் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள்.